நாலு பங்கு இளமை

தனக்கு வயது குறைந்துகொண்டே வருகிறது என்று என் தம்பி ராஜு ஆறேழு மாதமாகப் போனில் சொல்லிக்கொண்டிருந்தான். "அக்கா, மாடிப்படி ஏறினா மூச்சே வாங்கல. முன்நெத்தியில கறுப்பு முடி வருது." எனக்கு அப்போதே சந்தேகம். பினாங்கில் ஒரு மருந்துக்கடையில் வருஷக்கணக்காக நின்றவள் நான். அறுபதுக்கு மேல் ஒருவருக்குத் தலை கறுத்தால், அது எந்தக் கம்பெனி மை என்றுதான் முதலில் கேட்பேன்.

பிறகு ஒரு நாள் அவன் மனைவி கலா கூப்பிட்டாள். ஒரே அழுகை. "அண்ணி, இவருக்கு வலது கால் கட்டைவிரல்ல ஆணி குத்தி ரெண்டு மாசம் ஆச்சு. புண்ணு ஆறவே மாட்டேங்குது. விரலை எடுத்துடலாம்னு பெரிய டாக்டர் சொல்லிட்டாரு. வர்ற வியாழக்கிழமை ஆபரேஷன். அந்த வயசு குறையிற மாத்திரையாலயான்னு கேட்டா, இல்லவே இல்லன்றாங்க. எனக்கு மனசு ஒப்பல. நீங்க வந்து பாருங்க."

யாராவது "இல்லவே இல்லை" என்று அடித்துச் சொன்னால் எனக்கு அங்கேதான் இடிக்கும். சனிக்கிழமை காலை மீனம்பாக்கத்தில் இறங்கிவிட்டேன்.

டாக்ஸிக்காரரை முதலில் சந்தேகப்பட்டேன். தம்பி வீடு இருக்கிற வேப்பம்பட்டு எங்கே, அவர் பூந்தமல்லிப் பக்கம் வண்டியைத் திருப்புகிறார். சுற்றிக் காட்டி மீட்டரை ஏற்றுகிறாரோ என்று போனில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். பூந்தமல்லியில் மெட்ரோவுக்குத் தூண் நட்டு நட்டு, சாலை பாதியாகக் குறுகிக் கிடந்தது. பினாங்கிலும் பாலம் கட்டுகிறார்கள், ஆனால் கட்டுகிற இடத்தைச் சுற்றி நடக்கவாவது வழி விடுவார்கள். இங்கே தூணுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஒருவர் தள்ளுவண்டியில் கொய்யாப்பழம் விற்கிறார், அதை வாங்க ஒரு பஸ் டிரைவர் ஜன்னல் வழியாகக் கை நீட்டுகிறார்.

சென்னீர்குப்பம் தாண்டும்போது வண்டி ஓரங்கட்டியது. "யம்மா, டயர் பஞ்சர்."

"எங்கே, காட்டுங்க" என்று இறங்கிவிட்டேன்.

"இன்னாம்மா, பொய்யா சொல்றேன்? நல்லா பாருங்க, காத்தே இல்ல." குனிந்து பார்த்தேன். உண்மையிலேயே காற்று இல்லை. அவர் டயர் மாற்றுகிற நேரம் பக்கத்து டீக்கடையில் ஒரு டீயும் மசால் வடையும் சாப்பிட்டேன். வடை மொறுமொறு என்று, சோம்பு வாசனையோடு அவ்வளவு நன்றாக இருந்தது. எண்ணெய் எத்தனை நாள் பழையதோ என்ற கவலையோடுதான் இரண்டாவதையும் சாப்பிட்டேன்.

ராஜுவைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆள் மெலிந்து, கோடு போட்ட டி-ஷர்ட்டில், கல்லூரிப் பையன் மாதிரி நின்றான். கீழே பார்த்தால் வலது காலில் கட்டு. கட்டைப் பிரித்துப் பார்த்தேன். இரண்டு மாதப் புண்ணின் ஓரத்தில் புதுச் சதை ஒரு நூலளவுகூட வளரவில்லை. குத்தினது நேற்றுத்தான் என்று சொன்னால் நம்பலாம்.

"இன்னாக்கா அப்படி பாக்குற? ஆறிடும்" என்றான். எங்கள் சொந்த ஊர் விருதுநகர், வீட்டில் தெலுங்கு. இருபது வயதில் ஆவடி ஃபேக்டரிக்கு வேலைக்கு வந்தவன், குவார்ட்டர்ஸிலேயே ஆயுளைக் கழித்தான். ஓய்வு பெற்று வேப்பம்பட்டில் வீடு கட்டிக்கொண்டான். அவனுக்குத் தெலுங்கும் போச்சு, விருதுநகர்ப் பேச்சும் போச்சு.

"என்ன மாத்திரைடா அது?"

அவன் உற்சாகமாகிவிட்டான். "ஒடம்புல என்சைம் ஒண்ணு கீதுக்கா. நம்ம சூப்பர்வைசர் மாதிரி. வேலை செய், வேலை செய்னு செல்லுங்களை வெரட்டிக்கினே இருக்கும். சின்ன வயசுல அது வேணும். வயசான அப்புறமும் வெரட்டினா? செல்லு தேஞ்சி போவுது. அந்த சூப்பர்வைசரை கொஞ்ச நேரம் கம்முனு ஒக்கார வெச்சா, செல்லு தானே தன் எடத்தை கூட்டிப் பெருக்கி சுத்தம் பண்ணிக்கும். ஆயுசு கூடும். அதுக்குத்தான் மாத்திரை. அம்பத்தூர்ல ஒரு கம்பெனி பண்ணுது. சோதிச்சுப் பாக்க ஆள் கேட்டாங்க, எங்க வாக்கிங் கோஷ்டி நாலு பேரும் சேந்துட்டோம்."

உளறுகிறான் என்று சொல்ல முடியவில்லை, ஏனென்றால் விஷயம் உண்மை. அந்த நொதிக்கு எம்டார் என்று பேர். அதை அடக்கி வைத்தால் எலிகள் கூடுதல் நாள் வாழ்கின்றன என்று நானே படித்திருக்கிறேன். மனிதர்களுக்கும் அப்படியா என்பது இன்னும் யாருக்கும் தெரியாது, அதற்காகத்தான் இந்த மாதிரி சோதனைகள். ஆனால் அதே நொதியை அடக்குகிற பழைய மருந்து ஒன்றை எங்கள் கடையில் கிட்னி மாற்றியவர்களுக்குக் கொடுப்போம். அதைச் சாப்பிடுகிறவர்களுக்கு வாயில் புண் வரும், காயம் சீக்கிரம் ஆறாது. காயம் மூடப் புதுச் சதை வளர வேண்டும். வளர், வளர் என்று விரட்டுகிற சூப்பர்வைசரைத்தான் உட்கார வைத்துவிட்டார்களே, அப்புறம் எப்படி வளரும்?

"அந்த மருந்துதாண்டா உன் காலைத் தின்னுது."

"அதான் இல்லக்கா" என்றான். "எனக்கு வந்தது வெறும் மாவு மாத்திரை. பாதி பேருக்கு அசல், பாதி பேருக்கு டம்மி. யாருக்கு எதுன்னு குடுக்குற டாக்டருக்கே தெரியாது, உறையில ஒட்டி வெச்சிருப்பாங்க. கால் மேட்டர் தெரிஞ்சதும் என் உறையைப் பிரிச்சிப் பாத்தாங்க. டம்மின்னு ஆஸ்பத்திரிக்கு சொல்லிட்டாங்க. மிச்ச மாத்திரையையும் போன மாசமே வாங்கிக்கினாங்க."

இப்படிச் சோதிப்பதுதான் முறை, அது எனக்கும் தெரியும். ஆனால் ஒன்று உறுத்தியது. ஆறு மாதமாக இளமை திரும்புகிறது என்று குதித்தவனிடம், நீ தின்றது மாவு என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு கோபம் வேண்டாமா? ஒரு அசடாவது வழிய வேண்டாமா? இவன் மாவு என்று சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் சுவர்க் காலண்டரைப் பார்க்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை கலா எனக்காக மட்டன் குழம்பு வைத்தாள். பினாங்கில் மட்டன் என்று வருவது பெரும்பாலும் ஐஸில் உறைந்து கப்பலில் வந்தது. இங்கே எலும்போடு, மிளகு தூக்கலாக, சோற்றில் ஊற்றினால் ஓடிவிடுகிற குழம்பு. நான் மூன்று முறை ஊற்றிக்கொண்டேன். மட்டன் என்றால் உயிரை விடுகிற ராஜு, தயிர்ச்சோறு சாப்பிட்டான்.

"இவரு இப்பல்லாம் காரமே தொடறதில்ல அண்ணி. வாய்ல புண்ணாம்" என்றாள் கலா.

சோறு என் கையிலேயே நின்றுவிட்டது. "வாயைத் திற."

"அக்கா, சாப்பிடும்போது இன்னாக்கா இது..."

"தொறடா!"

உதட்டின் உள்பக்கம் வெள்ளை வெள்ளையாக நாலு புண். நான் கடையில் எத்தனையோ பேர் வாயில் பார்த்த அதே புண். மாவு தின்றவனுக்கு இது வருமா? பொய் சொல்கிறார்கள். உறையைப் பிரித்ததாகச் சொன்னதே நாடகம். புது மருந்தில் ஒருவர் காலுக்கு ஆபத்து என்று வெளியே தெரிந்தால் கம்பெனி என்ன ஆகும்? மாவு என்று சொல்லிக் கை கழுவிவிட்டார்கள். அறுவை டாக்டரும் அதை நம்பி, ரத்த ஓட்டத்தில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அதற்கப்புறம் ஒரு வாய்கூட இறங்கவில்லை.

திங்கட்கிழமை அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போனேன். லேத் பட்டறைகளும் ரப்பர் வாஷர் செய்கிற கொட்டகைகளும் வரிசையாக இருந்தன. தெருவெல்லாம் இரும்புத்தூள் கலந்த எண்ணெய் வாசனை. பல் சக்கரம் வெட்டுகிற ஒரு பட்டறைக்குப் பின்னால் கண்ணாடிக் கதவோடு அந்தக் கம்பெனி. இளமையை உற்பத்தி செய்ய இடம் பார்த்தார்கள் பாருங்கள் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே குளிர் எலும்பைத் தொட்டது. காபி கொடுத்தார்கள். வாங்கி வைத்தேன், குடிக்கவில்லை.

டாக்டர் நித்யா என்று ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து இருக்கும், ஓட்டப்பந்தயத்துக்குப் போடுகிற மாதிரி ஷூ. நான் எடுத்த எடுப்பிலேயே கேட்டேன். "மாவு சாப்பிட்டா வாய் புண்ணாகுமா டாக்டர்?"

அவள் நிமிர்ந்தாள். "வாய்ப்புண்ணா? அவர் எங்ககிட்ட சொல்லவே இல்லையே."

"உங்ககிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? என் தம்பிக்கு நீங்க கொடுத்தது அசல்தானே?"

"இல்லம்மா. அவர் உறையை நானே பிரிச்சேன். டம்மி. அதுவும் நிறுத்தி ஒரு மாசம் ஆச்சு."

"ஒரு மாசம் முன்னால நிறுத்தின மாவுக்கு இன்னைக்கு வாய்ல புண்ணு. நல்லா இருக்கு நியாயம்."

அவள் கோபப்படவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. "நாளைக்கு அவரை இங்க கூட்டிட்டு வாங்க. ரத்தம் எடுத்துப் பார்த்துடலாம்" என்றாள்.

"போதும்மா, எடுத்த வரைக்கும் போதும்" என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

லிஃப்டுக்காக நிற்கும்போது வெள்ளைக் கோட்டு போட்ட இரண்டு பேர் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். என் பட்டுப்புடவையையும் குங்குமத்தையும் பார்த்து, இந்தத் தமிழ் அம்மாவுக்குத் தெலுங்கு என்ன புரியப்போகிறது என்று நினைத்திருப்பார்கள். ஒருவன் சொன்னான்: "அந்த வேப்பம்பட்டு நாலு பேர் ரத்தமும் அச்சு அசலா ஒரே மாதிரி வருது. அப்படி வரவே கூடாது. மெஷின் தப்பா, நம்ம தப்பான்னு தெரியல." மற்றவன் சொன்னான்: "இப்போ மேல சொல்லாதே. இன்னொரு தடவை ஓட்டிப் பார்ப்போம்."

கையும் களவுமாகப் பிடித்தாயிற்று! மறைக்கிறார்கள். நாலு பேருக்கும் அசலைக் கொடுத்துவிட்டு மறைக்கிறார்கள். அந்த இரண்டு பேர் முகத்தையும் நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டேன், பின்னால் அடையாளம் காட்டத் தேவைப்படும் என்று.

அந்தப் படபடப்பில் அம்பத்தூர் ஸ்டேஷனில் வந்து நின்ற முதல் ரயிலில் ஏறிவிட்டேன். பினாங்கில் ரயிலையே நம்பிப் பழக்கமில்லாதவள். பட்டாபிராம் வந்ததும் பெட்டி பாதி காலியானது. வண்டி மெயின் லைனை விட்டு விலகித் தனியாகப் போய், பட்டாபிராம் மிலிட்டரி சைடிங் என்ற இடத்தில், அதற்கு மேல் தண்டவாளத்தில் வேலையில்லை என்பது போல நின்றுவிட்டது. எதிர் சீட்டு அம்மா தூங்கி எழுந்து, நான் போகிற இடத்தைக் கேட்டுவிட்டு, "இதுக்கு மேல போவாது. வேப்பம்பட்டுன்னா திருவள்ளூர் வண்டியில்ல ஏறணும்?" என்றாள். கம்பெனிக்காரன் ஆள் வைத்துக் கடத்துகிறானோ என்றுகூட ஒரு நிமிஷம் ஓடியது. வெயில் அப்படி.

ராஜுவுக்குப் போன் அடித்தேன். கொஞ்ச நேரத்தில் அவன் சிநேகிதர் தணிகாசலம் ஸ்கூட்டரில் வந்தார். பூர்வீகம் சென்னீர்குப்பம், விவசாயக் குடும்பம். ஃபேக்டரியில் ராஜுவுக்குப் பக்கத்து மெஷின். நாலு பேர் கோஷ்டியில் ஒருவர்.

"இந்த லைன்ல ஒரு தபாவாவது சைடிங்ல வந்து முழிக்காதவன் கெடையாதுக்கா. வுடு, ஏறி குந்து."

வழியில் பஜ்ஜிக் கடையில் நிறுத்தினார். எனக்கு வாழைக்காய் பஜ்ஜி, காரச் சட்னி. அவர் ஒரு டீ மட்டும் வாங்கி, இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றினார். ஆற்றினார், ஆற்றிக்கொண்டே இருந்தார். பச்சைத் தண்ணீராக ஆன பிறகுதான் வாயில் வைத்தார்.

"பஜ்ஜி?"

"வாணாங்க்கா. வாயில கொஞ்சம் புண்ணு."

சட்னியில் தோய்த்த பஜ்ஜி என் கையில் அப்படியே நின்றது. "உங்களுக்குமா? உங்களுக்குக் கொடுத்தது அசலா, மாவா?"

"அது எவனுக்குக்கா தெரியும்?" என்று ஸ்கூட்டரை உதைத்தார். அது உதைக்கிற வண்டியே இல்லை, பட்டன் வண்டி. பதற்றத்தில் இல்லாத கிக்கரைத் தேடுகிறார் மனுஷர். சந்தேகத்தைக் கம்பெனியிடமிருந்து கொஞ்சம் இந்தப் பக்கமும் திருப்பினேன்.

செவ்வாய்க்கிழமை காலை ராஜு, தணிகாசலத்தின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து கிளம்பினான். நடக்க முடியாவிட்டாலும் கோஷ்டி நடந்து முடித்து டிபன் சாப்பிடுகிற மெஸ்ஸுக்கு தினமும் போய்விடுவான். "நானும் வரேன்" என்றேன். "நீ எதுக்குக்கா?" என்றான். அந்தக் கேள்வி ஒன்று போதுமே. அவர்கள் தலை மறைந்ததும் ஆட்டோ பிடித்தேன்.

ஸ்டேஷன் ரோட்டில் நாலு மேஜை போட்ட சின்ன மெஸ். கடைசி மேஜையில் ராஜு, தணிகாசலம், கும்பகோணத்து பாலு, ஆம்பூர் மஸ்தான். ஆளுக்கு நாலு இட்லி. பக்கத்தில் வெள்ளையாக என்னவோ. உற்றுப் பார்த்தேன். சர்க்கரை. அறுபது தாண்டின நாலு ஆம்பளைகள், குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி இட்லியைச் சர்க்கரையில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மெஸ் நடத்துகிற அம்மா நான் அந்த மேஜையையே பார்ப்பதைக் கண்டு ஆற்றாமையைக் கொட்டினாள். "நீங்களே கேளுங்கம்மா. மாசக்கணக்கா இதே கூத்து. ஊரே என் காரச் சட்னிக்கு வரிசையில நிக்குது. இதுங்க நாலும் சக்கரை குடுன்னுது. என் கைப் பக்குவம் போச்சான்னு நான் தூக்கமில்லாம கெடக்கிறேன்."

நாலு பேருக்கும் வாய்ப்புண். நாலு பேருக்கும் ஒரே மாதிரி ரத்தம். நான் அப்படியே கடைசி மேஜைக்குப் போவதற்குள், பாலு மடியிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்தார். வெற்றிலைப் பெட்டி மாதிரி அது கைமாறியது. ஒவ்வொருவரும் உள்ளே கைவிட்டு ஒன்றை எடுத்தார்கள். தணிகாசலம் தான் எடுத்ததைத் தன் வாயில் போடவில்லை, ராஜு கையில் வைத்தார். ராஜு இரண்டையும் சேர்த்து வாயருகே கொண்டு போனான்.

கையைப் பிடித்தேன். அவன் வாயில் போகாமல் இரண்டு வெள்ளை மாத்திரையும் சர்க்கரையில் விழுந்தன.

"என்னடா இது? மாத்திரையைத்தான் வாங்கிக்கிட்டாங்கன்னு சொன்னியே!"

மஸ்தான்தான் ஆரம்பித்தார். ஃபேக்டரியில் அவர்கள் செக்‌ஷனில் பொதுடப்பா என்று ஒன்று உண்டாம். ஆயுத பூஜைக்கு ஸ்வீட் பாக்கெட் வரும். ஒருவன் பாக்கெட்டில் ஜாங்கிரி இருக்கும், இன்னொருவனுக்குப் பொரி மட்டும் இருக்கும். அதனால் யாரும் தன் பாக்கெட்டைத் தனியாகப் பிரிக்கக்கூடாது. எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டிச் சரிசமமாகப் பங்கு போட வேண்டும். மத்தியானச் சாப்பாடும் அப்படித்தான், நாலு கேரியரும் ஒன்றாகத் திறக்கும். வேலையை விட்டாலும் பழக்கம் விடவில்லை.

"பாதி பேருக்கு அசல், பாதி பேருக்கு டூப்புன்னாங்கக்கா" என்றார் மஸ்தான். "அது என்ன கணக்கு? ஒண்ணா வேலை பார்த்தோம், ஒண்ணா ரிடையர் ஆனோம். நாலு பேர் மாத்திரையும் பார்வைக்கு ஒண்ணு போலத்தான். ரெண்டாவது வாரமே டப்பாவுல கொட்டி குலுக்கிட்டோம்."

ஐயோ ஆண்டவா! ஆறு மாதமாக நாலு பேரும் பாதி அசலும் பாதி மாவுமாகத் தின்றிருக்கிறார்கள். கம்பெனி ராஜுவின் உறையைப் பிரித்து உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. ரத்தம் பார்த்தவர்கள் உண்மையாகவே குழம்பித்தான் நின்றிருக்கிறார்கள். அந்த டாக்டர் பெண் முகத்தில் நான் வீசிவிட்டு வந்த வார்த்தையெல்லாம் எனக்கே திரும்பிக் கேட்டது.

"சரி, இவன் மாத்திரையைத் திருப்பி வாங்கின பிறகாவது நிறுத்த வேண்டியதுதானே?"

"அவனை மட்டும் எப்படிக்கா வுடறது?" என்றார் தணிகாசலம். "வயசைக் குறைக்குற மருந்து புண்ணை ஆத்தாதா? சீக்கிரம் ஆறட்டும்னு என் பங்கையும் அவனுக்கே குடுத்துக்கினு வந்தேன். ஆபரேஷன்னு சொன்ன நாள்லேந்து நான் ஒண்ணுகூட தொடல."

எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். மெதுவாகச் சொன்னேன். இந்த மருந்து புண்ணை ஆற்றாது, ஆற விடாது என்று. சூப்பர்வைசர் கதையை வைத்தே சொன்னேன், அவர்களுக்குப் புரிகிற மாதிரி. கேட்கக் கேட்க தணிகாசலத்தின் முகம் கறுத்துக்கொண்டே போனது. கடைசியில் ராஜுவின் காலைப் பார்த்து, "அப்ப நான்தான் இவன் வெரலை அறுத்தேனா?" என்றார்.

"டேய், கம்முனு இரு" என்றான் ராஜு.

அங்கிருந்தே டாக்டர் நித்யாவுக்குப் போன் போட்டேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன், பிறகு டப்பாவைப் பற்றிச் சொன்னேன். அவள் கேட்ட ஒரே கேள்வி, "ஆபரேஷன் என்னைக்கு?" என்பதுதான். சாயங்காலமே, பூந்தமல்லியில் ராஜுவுக்கு வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள், நாங்களும் போயிருந்தோம். நாலு பேரையும் வரிசையாக உட்கார வைத்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். பிறகு அறுவை டாக்டரோடு கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். வெளியே வந்த அறுவை டாக்டர் ராஜுவிடம் சொன்னார்: "மாத்திரையை மொத்தமா நிறுத்துங்க. வியாழக்கிழமை வேணாம். கொஞ்ச நாள் பார்த்துட்டு முடிவு பண்ணலாம். பிழைச்சா விரல் மிஞ்சும், இல்லன்னா அப்புறம் பார்க்கலாம்."

நாலு பேரையும் சோதனையிலிருந்து நீக்கிவிட்டார்கள். மிச்சமிருந்த மூன்று உறைகளையும் பிரித்துவிட்டு நித்யா என்னிடம் சொன்னாள். அசல் வந்தது மஸ்தானுக்கும் தணிகாசலத்துக்கும். ராஜுவுக்கும் பாலுவுக்கும் மாவு. தன் பங்கை ஒழுங்காகத் தின்றிருந்தால் என் தம்பி காலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

என் புத்தி அதோடு சும்மா இருக்குமா? ஆஸ்பத்திரி வாசலில் தணிகாசலத்தைத் தனியாகப் பிடித்தேன். "பொதுடப்பா யோசனை யாருடையது?"

"என்னுதுதான்."

"டப்பாவுல கொட்டறதுக்கு முன்னாடி, முதல் வாரமே உங்களுக்கு வாய்ப்புண் வந்திருக்குமே. ராஜுவுக்கும் பாலுவுக்கும் வரல. அப்போ உங்களுக்கு வந்தது அசல்னு உங்களுக்குத் தெரியும்."

அவர் சிரிக்க முயன்றார். "தெரியும்க்கா."

"தெரிஞ்சும் எதுக்குக் கொட்டினீங்க? பேசாம நீங்களே சாப்பிட்டிருக்கலாமே?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், இவ்வளவு படித்தவளுக்கு இதுகூடவா தெரியாது என்கிற மாதிரி. "நான் ஒருத்தன் மட்டும் நூறு வயசு இருந்து இன்னாக்கா பண்றது? காலைல யார்கூட நடக்கறது?"

பினாங்கில் என் அடுக்குமாடியில் எட்டாவது மாடி வராந்தாவும், நான் தனியாக உட்கார்ந்து கோப்பி குடிக்கிற நாற்காலியும் ஏனோ நினைவுக்கு வந்தன.

நான் கிளம்பும்வரை தினமும் புண்ணைப் பார்த்தேன். ஒரு நாள் காலையில் ஓரத்தில் இளஞ்சிவப்பாகச் சதை எட்டிப் பார்த்தது. கலாவைக் கூப்பிட்டேன், அவள் குனிந்து பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நானும்தான் அழுதேன், அதில் என்ன வெட்கம்.

பினாங்கு வந்த பிறகு ராஜு தினமும் "நல்லா ஆறிடுச்சுக்கா" என்றான். நான் நம்பவில்லை. இவன் சொல்லியா நம்புவேன்? "மெஸ்ஸுக்குப் போ. வீடியோவில வா. என் கண் முன்னால காரச் சட்னி சாப்பிடு. பிறகு விரலைக் காட்டு" என்றேன்.

வந்தான். அதே கடைசி மேஜை, அதே நாலு பேர், தட்டில் இட்லி, பக்கத்தில் சிவக்கச் சிவக்கச் சட்னி. மெஸ் அம்மா பின்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள். ராஜு வாய் நிறைய அள்ளிப் போட்டான். கண்ணில் நீர் வந்தது. "காரம்க்கா, காரம்" என்று சிரித்தான். பிறகு காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக் கட்டைவிரலை ஆட்டிக் காட்டினான். பாலுவும் மஸ்தானும் கைதட்டினார்கள்.

தணிகாசலம் மட்டும் சாப்பிட ஆரம்பிக்கவில்லை. அவர் கண்ணும் கலங்கி இருந்தது. நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் துண்டால் துடைத்துக்கொண்டு, "எனக்கும் காரம்தான்க்கா" என்றார். அவர் தட்டில் சட்னியே இல்லை. அத்தனையையும் ராஜு தட்டில் கொட்டியிருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை.